ஜெபச் சீட்டில் ஒரு பெயர்

பாறசாலை
16 ஜூலை 2024, இரவு

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம்கூட வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்குச் சுகம்தான். உங்களுக்கும் அப்பாவுக்கும் சுகமா? அப்பாவின் முதுகுவலி குறைந்ததா?

பெரியம்மா நான் எழுதும் கடிதங்களை எல்லாம் வாசித்த பிறகுதான் உறையை ஒட்டுகிறார். கெட்ட மனதோடு இல்லை. "என் தங்கச்சிக்கு எழுதுயதை நான் பாக்கப்பிடாதா?" என்கிறார். போனையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். இனிமேல் எல்லாரும் படுத்த பிறகு இப்படி எழுதுவேன். என் வகுப்புத் தோழி அஸ்வதியின் அம்மா தபால் ஆபீசில் வேலை செய்கிறார். அஸ்வதி கொண்டுபோய்ப் போடுவாள். பதிலையும் அவள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புங்கள். "எடீ, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு என்றேன். "சொந்தம் அம்மைக்கு எழுதான் ஒளிக்கணோ?" என்று அரை மணி நேரம் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மிஷனரி ஞாயிறு, உங்களைப் போல ஊழியத்துக்குப் போனவர்களுக்காக ஜெபிக்கும் நாள். பெரியப்பா கமிட்டிச் செயலாளர் அல்லவா, உங்கள் மே மாதக் கடிதத்தை மைக்கில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பலர் அழுதார்கள். பயப்படாதீர்கள், நீங்கள் சொல்லியிருந்தபடி ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் விட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புவரை அங்கே உங்களோடு இருந்து படித்தவளுக்கு இந்த இரண்டு வருஷமும் அங்கேயே படிக்க முடியாதா? திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் அம்மா. இங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெனிஷா


மலையிலிருந்து
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் ஜெனிக்கு,

நாங்கள் சுகம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? கழுத்தெலும்பு தெரிகிறது என்று பெரியம்மா போனில் சொன்னாளே.

உன் கடிதம் பதினேழு நாள் கழித்துச் சந்தைக்குப் போனவர்கள் கையில் வந்தது. அதை அடுப்பில் போடவில்லை. அப்பாவிடமும் காட்டிவிட்டேன். கோபப்படாதே, எங்களுக்குள் மறைத்துப் பழக்கமில்லை.

பெயர்களை விட்டு வாசித்தாயே, அது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? மே மாதக் கடிதத்தில் புத்னியின் பெயரைச் சந்தோஷத்தில் எழுதி அனுப்பிவிட்டு, பிறகு மூன்று இரவு உறக்கம் இல்லை. உன்னிடம் வேறு யாராவது வாங்கி வாசித்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். "அவ என் மோளாக்கும். வாய் திறக்க மாட்டா" என்றார்.

புத்னி தினமும் உன்னைக் கேட்கிறாள். ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தது அவள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய சித்தப்பாவை உனக்குத் தெரியும் அல்லவா, அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் நடக்கும். அறுப்பு முடிந்ததும் நானே சொல்லுவேன் என்கிறாள். பத்தொன்பது வயசுப் பெண், அவள் வாயால், அவள் குறித்த நாளில் சொல்லட்டும். அப்பா அவளை இரண்டு வருஷம் காக்க வைத்துத்தானே ஓடையில் இறக்கினார். அதனால் அவளுக்கு இப்போது பயமில்லை. எனக்குத்தான் இருக்கிறது.

மாலை வகுப்புக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். அப்பா அடிகுழாயைக் கழற்றிப் போட்டு இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறார்.

நீ இங்கே வருவதைப் பற்றி: பிளஸ் டூ முடியட்டும், மக்கா. அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். இடம் விடுகிறேன்.

அம்மா

ஆண்டவர் உறங்க மாட்டார். நீ உறங்கு, மக்கா. – அப்பா


பாறசாலை
21 ஆகஸ்ட் 2024, இரவு

அன்புள்ள அம்மா அப்பாவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமா? உண்மையாகவே எல்லாரும் சுகமா?

புத்னி அக்கா வகுப்புக்கு வருகிறாளா? அவள் சித்தப்பா ஊரில்தான் இருக்கிறாரா, வெளியே வேலைக்குப் போயிருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அப்பா எழுதின வரியைக் கிழித்து உயிரியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. கோயில் முகப்பை இடித்துக் கட்டுகிறார்கள், வடக்கேயிருந்து வந்தவர்கள்தான் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் சாவி கேட்டு வீட்டுக்கு வந்தார். பெல் அடிக்காமல் கதவைத் தட்டினார். "பெல்லு இருக்கியது கண்ணு தெரியேல்லியா இவனுவளுக்கு? கதவை இடிச்சுப் பொளிக்கியானுவ!" என்று பெரியம்மா சத்தம் போட்டார். இங்கே யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். மலையில் பெல் ஏது? அந்தத் தட்டலைக் கேட்டதும் எனக்கு நம் வீடுதான் ஞாபகம் வந்தது. நான் வெளியே போகவில்லை. சமையலறையிலேயே நின்றுகொண்டேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஜெனிஷா


மலையிலிருந்து
12 செப்டம்பர் 2024

அன்பு ஜெனி,

சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

மழை விடவில்லை, பாதை அடைந்து கிடக்கிறது, போனும் வேலை செய்யவில்லை. அதனால் பதில் தாமதம். புத்னி சில நாளாக வகுப்புக்கு வருவதில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். வகுப்பையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இனிமேல் கீழே எழுதியிருக்கும் விலாசத்துக்கு எழுது. டவுன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சிஸ்டர் ஒருவருடைய விலாசம். மலைக்கு எழுதாதே. எங்கள் பெயரையும் உறையில் எழுத வேண்டாம்.

நீ பாடத்தைப் படி. பெரியம்மாவுக்கு உதவியாக இரு. இராத்திரியில் விழித்திருக்காதே.

அம்மா

ஆண்டவர் உறங்க மாட்டார். நீ உறங்கு, மக்கா. – அப்பா


பாறசாலை
30 செப்டம்பர் 2024, இரவு

அம்மா,

சுகமா என்று கேட்கமாட்டேன். நீங்கள் சுகம் என்றுதான் எழுதுவீர்கள்.

அந்தக் கடைசி வரி அப்பா எழுதியது இல்லை. பென்சில்தான், அதே வார்த்தைகள்தான். ஆனால் அப்பா மரத்தில் கோடு போடுகிறமாதிரி அழுத்தி எழுதுவார், தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கில் பிடித்தும் பார்த்தேன். நீங்கள்தான் எழுதினீர்கள். ஏன் அம்மா?

சனிக்கிழமை பெரியப்பா பின்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நின்று போன் பேசினார். நான் துணி எடுக்கப் போனேன். "ஜாமீனு கிட்டேல்ல... ஆமா, ஜெயதாசுக்கு... பிள்ளைக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார். என்னைக் கண்டதும், "எந்தா மக்கா, மழை வருதா?" என்று சிரித்தார். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.

அவர் சொன்னது அப்பாவின் பெயர். ஜாமீன் அப்பாவுக்கா? அப்பாவை அடித்தார்களா? யார் புகார் கொடுத்தது? புத்னி அக்காவின் சித்தப்பாவா? அவருக்கு எப்படித் தெரிந்ததாம்? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

இல்லை, அதைச் சொல்ல வேண்டாம். அப்பா உயிரோடு இருக்கிறாரா, அதைச் சொல்லுங்கள்.

ஜெனிஷா


பாறசாலை
17 அக்டோபர் 2024, இரவு

அம்மா,

பதில் வரவில்லை. தினமும் அஸ்வதி வகுப்புக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். "இந்நும் இல்லடீ" என்கிறாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதில்லை. தன்னுடைய சோற்றில் பாதியை எனக்கு எடுத்து வைக்கிறாள்.

நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

மிஷனரி ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கமிட்டியார் பெரியப்பா வீட்டில் கூடினார்கள். இங்கே ஜெபச் சீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. மிஷனரிகள், புது விசுவாசிகள் பெயர்களைச் சின்ன அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். வருஷம் முழுவதும் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். "புதுசா ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கு பேரு என்ன?" என்று கேட்டார்கள். பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா எழுதியிருக்கிறார் என்றேன். அப்போது பெரியப்பா, "பேரு இல்லாம எப்பிடி பிள்ளே ஜெபிக்கியது? ஆண்டவருக்கு விலாசம் எழுதாண்டாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே புத்னி என்று சொன்னேன். ஊரைச் சொல்லவில்லை, வெறும் பெயர்தானே என்று நினைத்தேன். நூற்றி நாற்பது சீட்டு அடித்தார்கள். மைக்கிலும் அந்தப் பெயரோடுதான் வாசித்தேன்.

ஆராதனை முடிந்ததும் முகப்புச் சாரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி வந்து, "எந்த புத்னி?" என்று நம் மலைப் பாஷையில் கேட்டார். அம்மா, ஒரு வருஷமாக அந்தப் பாஷையில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நம் ஓடையின் பெயரைச் சொன்னார். என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எந்த இடத்தில் இறங்கினாள், அப்பா எப்படி அவள் கையைப் பிடித்திருந்தார் என்று நீங்கள் எழுதியிருந்த எல்லாவற்றையும். நீங்கள் அங்கே செய்கிற ஊழியத்தை நானும் இங்கே ஒருவருக்குச் செய்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "அவள் விசுவாசித்தாள், நீங்களும் விசுவாசிக்கலாம்" என்றுகூடச் சொன்னேன்.

அவர் பெயர் மங்ரு. புத்னி அக்காவின் சித்தப்பா மகன். "என் அக்கா பெயரை இவ்வளவு பெரிய கோயிலில் மைக்கில் சொல்கிறார்கள், அப்பாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்" என்று சந்தோஷமாகப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று பின்னால் ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. பெரியம்மா எல்லாருக்கும் டீ கொடுக்கக் கூப்பிட்டார், போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து, பெயரை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன் என்று உங்களுக்கு எழுதினேன்.

நம் வீட்டுச் சீட்டு பிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு இரவும் பெரியப்பா, "புத்னி என்கிற சகோதரியை உம்முடைய கரத்தில் காத்துக்கொள்ளும்" என்று ஜெபிக்கிறார். நான் ஆமென் சொல்கிறேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ஜெனிஷா


டவுன் ஆஸ்பத்திரி
5 நவம்பர் 2024

அன்பு ஜெனி,

நான் சுகம். நீ பெரிய பிள்ளை. உன்னிடம் மறைத்தது தப்பு.

அப்பா ஆகஸ்ட் இருபத்தி எட்டாம் தேதியிலிருந்து ஜெயிலில் இருக்கிறார். ஆசை காட்டி மதம் மாற்றினார் என்று புத்னியின் சித்தப்பா புகார் கொடுத்திருக்கிறார். அடிகுழாயைச் சரிசெய்து கொடுத்ததையும் மருந்து கொடுத்ததையும் புகாரில் எழுதியிருக்கிறார்கள். என் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இப்போது சிஸ்டரோடு குவார்ட்டர்சில் தங்கியிருக்கிறேன். அவர் போனிலிருந்துதான் பெரியப்பாவிடம் பேசினேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பென்சில் வரியும் நான் எழுதியதுதான்.

அப்பாவை அடிக்கவில்லை. மலேரியா வந்து ஒன்பது நாள் ஜெயில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது காய்ச்சல் விட்டிருக்கிறது, ஆனால் தாடையெல்லாம் ஒட்டிப்போயிற்று. இரண்டு முறை ஜாமீன் தள்ளுபடி ஆனது. புத்னியைச் சித்தப்பா வீட்டில் ஓர் அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சந்தையில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. சாப்பிடு. படி.

அம்மா


பாறசாலை
20 நவம்பர் 2024, இரவு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நான் அக்டோபர் பதினேழாம் தேதி எழுதினது உங்களுக்குக் கிடைத்ததா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிடைக்கவில்லையானால் சொல்லுங்கள், மறுபடியும் எழுதுகிறேன். கிடைத்திருந்தால்

டிசம்பரில் எனக்குத் திடப்படுத்தல், எல்லார் முன்பும் என் வாயால் விசுவாசத்தைச் சொல்லும் நாள். பிஷப் வருகிறார், வெள்ளைப் புடவைகூட எடுத்தாயிற்று. நான் வரமாட்டேன் என்று போதகரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன். "இன்னும் மூணு வாரம் உண்டு பிள்ளே, அதுவரை வலிக்குமா?" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மங்ரு மூன்று முறை வந்து கதவைத் தட்டினார். என்னைத்தான் கேட்கிறாராம். ஒவ்வொரு முறையும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேன். "அந்த இந்திக்காரனுக்கு உங்கிட்ட என்ன பேச்சு?" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். அவர் கண்ணில் வேறு ஏதோ சந்தேகம். அதையே நம்பிக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அம்மா. அவ்வளவு கேடுகெட்டவள் ஆகிவிட்டேன்.

ஜெபிக்க முட்டுப்போட்டால் வாய் திறப்பதில்லை. இந்த வாயால்தானே. ஆண்டவர் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று அப்பா சொல்வார். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போயிருந்தார்? என் வாயை ஏன் அடைக்கவில்லை?

ஜெனிஷா


டவுன் ஆஸ்பத்திரி
11 டிசம்பர் 2024

என் மகளே,

உன் அக்டோபர் கடிதம் எனக்கு நவம்பர் இரண்டாம் தேதியே கிடைத்துவிட்டது. ஐந்தாம் தேதி நான் உனக்கு எழுதும்போது அது என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. தெரிந்துதான் ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். இரண்டாவதில் எழுதினதை நீ ஒருநாளும் வாசிக்க வேண்டாம்.

போன வாரம் அப்பாவைப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தையும் நீ செய்ததைச் சொல்வதிலேயே கழித்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, "பிள்ளை உறங்குயாளா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "பன்னிரண்டு வருஷம் ரத்தம் சிந்தி உண்டாக்கினது ஒரு நாக்கால போச்சே, உங்களுக்கு ஒண்ணும் தோணேல்லியா?" என்று சத்தம் போட்டேன்.

"தோணுயது ஷெர்லி. ராத்திரி எல்லாம் அதுதான் தோணுயது. ஆனா நாம இங்க வந்தது நம்ம வாய்ச் சாமர்த்தியத்திலயா? புத்னி விசுவாசிச்சது உன்னுடைய பேச்சைக் கேட்டா? அப்பிடி இல்லேண்ணா, ஒரு பிள்ளையுடைய வாயினால அவ அவருக்க கையில இருந்து எப்பிடி விழுந்துபோவா?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

நீ கேட்டாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போயிருந்தார் என்று. நானும் அதையேதான் முட்டுப்போட்டுக் கேட்கிறேன். ஒன்றும் சொல்கிறதில்லை. ஆனால் கேட்பதற்கு நான் வேறு யாரிடமும் போகவில்லை, அவரிடம்தான் போகிறேன். நீயும் அவரிடமே போய்க் கேள், சண்டையாகவாவது கேள்.

நீ செய்தது சின்னத் தப்பு இல்லை. பெயரைச் சொன்னதைவிடப் பொய் சொன்னதுதான் என்னை அறுத்தது. உண்மையை அன்றைக்கே எழுதியிருந்தால் புத்னியை அவள் மாமா வீட்டுக்காவது அனுப்பியிருப்போம். ஆனால் ஜெனி, அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பியது யார்? வேண்டாம் என்று தெரிந்தும் சந்தோஷம் தாங்காமல் நானும்தான் எழுதினேன். உன் வாய் திறந்தது போலவே என் கையும் திறந்தது. அதை உணர எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஆண்டவருடைய வேலையைக் கவிழ்த்துவிடும் அளவுக்கு நீயும் நானும் பெரியவர்கள் இல்லை. எனக்கு இப்போது பிடித்துக்கொள்ள இருப்பது இந்த ஒன்றுதான்.

உன்னை மன்னித்தேன். இந்த முறை பொய் இல்லை.

மங்ருவைக் கண்டு ஒளியாதே. அவனுக்கு உண்மையைச் சொல். பெரியப்பாவுக்கும் சொல்.

ஜனவரி ஆறாம் தேதி மறுபடியும் ஜாமீன் விசாரணை. கிடைத்தால் அப்பா இந்த ஜில்லாவில் இருக்கக் கூடாது என்றுதான் உத்தரவு போடுவார்கள் என்கிறார் வக்கீல். அப்படியானால் கிடைத்த ரயிலில் ஏறி நேரே அங்கே வந்துவிடுவோம். சிஸ்டர் அப்போது விடுமுறையில் இருப்பார், போன் செய்ய வழியில்லை. கிடைக்காவிட்டால் நான் இங்கேயே இருப்பேன். அப்பாவுக்குக் காய்ச்சல் மறுபடியும் வந்திருக்கிறது. இன்னொரு மழைக்காலத்தை அவர் உள்ளே தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அம்மா


பாறசாலை
9 ஜனவரி 2025, இரவு

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்குமா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். சுகமாக இருங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் உங்கள் கடிதம் கிடைத்தது. அன்று குடும்ப ஜெபத்தில் பெரியப்பா "புத்னி என்கிற சகோதரியை" என்று தொடங்கியதும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "நாங்கதான பிள்ளே பேரு கேட்டோம்" என்றார். பெரியப்பா எழுந்து போனார். பிரிட்ஜில் இருந்த சீட்டை நகத்தால் கிள்ளி எடுத்தார். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக நடந்து நூற்றி நாற்பது சீட்டையும் திரும்ப வாங்கினார். "எதுக்காக்கும் நேசமணி அண்ணே?" என்று கேட்டவர்களிடம், "என் வாய் போதாதுண்ணு அச்சடிச்சும் கொடுத்தேன் பாத்தியா, அதுக்காக்கும்" என்றாராம். பொழியூருக்குக் கல்யாணமாகிப்போன ஒரு அக்கா கொண்டுபோன சீட்டைப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "விலாசம் ஆண்டவருக்குத் தெரியும் மக்கா" என்றார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

திடப்படுத்தல் முடிந்துபோயிற்று. அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று போதகர் சொன்னார். இந்த முறை அவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

மங்ருவிடம் சொல்லும்போதுதான் கஷ்டமாக இருந்தது. கோயில் முகப்பில் மணல் குவியல் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் அதற்குத்தான் மூன்று முறை வந்தாராம். "நீ சொன்னதைத்தான் நான் அப்பாவிடம் சொன்னேன், இப்படி ஆகும் என்று தெரியாது" என்று சொல்ல. நான் ஒளிந்துகொண்டேன். ஒரே பாரத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். "உன் அப்பா எங்களுக்கு எதையும் ஆசை காட்டவில்லை. அந்தக் குழாயில் என் தாய் தண்ணீர் பிடிக்கிறாள். அதை நீதிபதியிடம் நான் சொல்கிறேன்" என்றார். உங்கள் அப்பாவுக்கு எதிராகவா என்று கேட்டேன். கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். டிசம்பர் இருபத்தி எட்டாம் தேதி ரயில் ஏறினார். பாறசாலை ஸ்டேஷனுக்குப் பெரியப்பாவும் நானும் போயிருந்தோம். எப்படியானாலும் திரும்பி வந்து உன்னிடம் நேரில் சொல்வேன் என்றார்.

இன்று ஒன்பதாம் தேதி. விசாரணை முடிந்து மூன்று நாள் ஆயிற்று. சிஸ்டர் நம்பர் அணைந்தே இருக்கிறது, மங்ரு நம்பரும் அப்படித்தான். ஜாமீன் கிடைத்து ஆறாம் தேதி இராத்திரியே ஏறியிருந்தால் இன்று மாலை ரயிலில் திருவனந்தபுரம் வந்திருக்க வேண்டும் என்று பெரியப்பா விரல்விட்டுச் சொன்னார். கடைசி பஸ் போகும்வரை ரோட்டில் நின்றார். யாரும் இறங்கவில்லை. பெரியம்மா எல்லாருக்குமாகக் கப்பைக் கிழங்கு அவித்து மூடி வைத்திருந்தார். அதை யாரும் திறக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அப்பா வரவில்லையானாலும் ஆண்டவர் ஆளுகிறார் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்று முழுவதும் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வருகிறது. மீதிக்கு அழுகைதான் வருகிறது. நீங்கள் சொன்னபடி அவரிடமே போய்ச் சண்டை போட்டேன். அப்பாவை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மறுபடியும் பிடுங்கினேன். இன்று மட்டும் ஏழெட்டு தடவை அப்படி ஆயிற்று. கடைசியாகக் கொடுத்து அரை மணி நேரம் ஆகிறது. இன்னும் பிடுங்கவில்லை.

அப்பாவுக்கு என்று கீழே ஒரு வரி. பெரியப்பாவின் தடிப் பென்சிலால், தாளின் பின்பக்கம் தெரியும்படி அழுத்தி எழுதுகிறேன்.

ஆண்டவர் உறங்க மாட்டார். நீங்கள் உறங்குங்கள், அப்பா. – ஜெனி

அம்மா, கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது.

நாய் குரைக்கிறது. பெரியப்பா இன்னும் எழும்பவில்லை. முன் விளக்கு எரிகிறது, பெல் பொத்தான் நன்றாகத் தெரியும். பெல் அடிக்கவில்லை.

தட்டுகிறார்கள். கதவைத்தான் தட்டுகிறார்கள், மலையில் தட்டுகிறமாதிரி. நீங்கள் இருவருமா, மங்ரு மட்டும்தானா? மறுபடியும். அம்மா, நான்